ஆயிரம் யானையை எண்ணியது யார்?

சென்ற இதழில் போர்க் கவிதைகளைப் பற்றி எழுதிய நண்பர், போகிற போக்கில் ஒரு தீர்ப்பையும் வழங்கிவிட்டுப் போயிருக்கிறார். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது வெளியாகும் சாவுக் கணக்குகள் அத்தனையும் பொய். அவற்றைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பது குமாஸ்தா மனத்தின் காரியம். கவிஞனுக்கு ஒரே ஒரு மரணம் போதும். தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். நம் வட்டத்தில் இதைப் படித்துத் தலையாட்டியவர்கள் குறைந்தது மூன்று பேர் என்று தெரிகிறது. எனக்குத் தலையாட்ட முடியவில்லை. காரணம், நான் குமாஸ்தா. பதினொரு வருஷமாக ஒரு வங்கிக் கிளையில் பேரேட்டோடு மல்லுக்கட்டுகிறவன். பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது என்றாலும் மல்லுக்கட்டு நின்றபாடில்லை. குமாஸ்தா மனம் என்று வசையாகச் சொல்லப்பட்டதன் சார்பாகப் பேச எனக்குக் கொஞ்சம் யோக்யதை உண்டு.

நண்பரின் தீர்ப்பில் இருக்கும் சௌகரியத்தை முதலில் பார்க்க வேண்டும். தினசரியைப் பிரிக்கிறவன், தலைப்பில் இருக்கும் எண்ணை அப்படியே விழுங்குகிறான். நம் கவிஞர் அதை அப்படியே துப்புகிறார். விழுங்குகிறவனும் துப்புகிறவனும் மென்று பார்க்கவில்லை. எல்லாம் உண்மை என்பதும் எல்லாம் பொய் என்பதும் படிக்காமல் தப்பித்துக்கொள்ள இரண்டு வழிகள். முன்னது அசட்டுத்தனம், பின்னது அசட்டுத்தனத்தோடு கொஞ்சம் ஜம்பமும் சேர்ந்தது. ஒரு கவிதையில் ஒரு வரி ஏன் அந்த இடத்தில் முறிகிறது என்பதற்காக நாலு இதழ்களுக்குச் சண்டை போட்டவர்கள் நாம். மொழியின் ஒவ்வொரு அசைவுக்கும் பின்னால் ஒரு மனத்தின் நோக்கம் இருக்கிறது என்று பிறருக்குப் பாடம் நடத்துகிறவர்கள். ஓர் எண் எதிரே வந்ததும் மட்டும் அது மொழியே இல்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

என் கட்சி இதுதான். போர் நடக்கும்போது சொல்லப்படும் எண் ஒரு வாக்கியம். அதைச் சொல்கிறவன் ஒருவன், அது யார் காதில் விழவேண்டும் என்று எண்ணிச் சொல்லப்படுகிறதோ அவன் ஒருவன். அதற்கு நேரம் உண்டு, காரியம் உண்டு, இலக்கணம் உண்டு. வாக்கியத்தைப் படிப்பதுபோல் படித்தால் பொய்யான எண்ணும் உண்மையைக் கக்கும். படிக்கத் தெரியாதவனுக்கு மெய்யான எண்ணும் பொய்யாகிவிடும். இந்த இரண்டாவது விபத்து தமிழர்களாகிய நமக்கே நேர்ந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் சொல். ஆங்கிலத்தில் 'காஷுவல்டி' என்பது இறந்தவன், காயமுற்றவன், காணாமற்போனவன், பிடிபட்டவன் எல்லோரையும் சேர்த்துச் சொல்வது. சண்டையிடும் சக்தியிலிருந்து கழிந்துபோன தலைகளின் தொகை. தளபதிக்கு வேண்டியது அந்தத் தொகைதான். நாளைக் காலை எத்தனை பேர் துப்பாக்கியோடு எழுந்து நிற்பார்கள் என்பதுதான் அவன் கவலை. நம் தினசரிகளில் இந்தச் சொல் வரும்போதெல்லாம் 'பலி' என்று விழுந்துவிடுகிறது. 1916 ஜூலை 1ந் தேதி, ஸோம் யுத்தத்தின் முதல் நாளில், பிரிட்டிஷ் படையின் இழப்பு 57,470. அதில் இறந்தவர்கள் 19,240. ஒரே ஒரு சொல்லை மாற்றிப் போட்டால் முப்பத்தெட்டாயிரம் பேரை மேஜையில் உட்கார்ந்தபடியே கொன்றுவிடலாம். இது நம் உதவி ஆசிரியர்களுக்கு மட்டும் நேரும் விபத்தல்ல. 2022 நவம்பர் 30ந் தேதி ஐரோப்பிய ஆணையத்தின் தலைவி உர்சுலா வான் டெர் லேயன், உக்ரைன் தரப்பில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ராணுவத்தினர் கொல்லப்பட்டதாகப் பேசினார். பிறகு அந்த வாசகம் நீக்கப்பட்டது. இறந்தவர், காயமுற்றவர் இருவரையும் சேர்த்துச் சொல்லவேண்டியது என்று விளக்கம் வந்தது. இந்த இடத்தில் தேவைப்படுவது ராணுவ நிபுணன் இல்லை. அகராதியைப் புரட்டத் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளன் போதும். அவனுடைய வேலை நம்முடைய வேலை.

அடுத்தது, பொய்க்கும் தவறுக்கும் உள்ள வித்தியாசம். 1940 செப்டம்பர் 15ந் தேதி ஜெர்மானிய விமானங்கள் 185ஐ வீழ்த்தியதாக லண்டன் அறிவித்தது. போருக்குப் பின் ஜெர்மானியப் பதிவேடுகளோடு ஒத்துப் பார்த்தபோது தெரிந்த எண் ஏறத்தாழ 60. மூன்று மடங்கு. இதில் பொய் சொன்னது யார்? பெரும்பாலும் ஒருவருமில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுடுகிறார்கள். அது புகைந்துகொண்டு மேகத்துக்குள் விழுவதை மூன்று பேரும் பார்க்கிறார்கள். மூன்று பேரும் தரையிறங்கி, தான் வீழ்த்தியதாக மனசாரச் சொல்கிறார்கள். ஒரே காசோலையை மூன்று கவுண்டர்களில் வரவு வைத்த மாதிரி. சாயங்காலம் கணக்கு நேராகாது. ஆனால் மூன்று குமாஸ்தாக்களில் எவனும் திருடன் இல்லை. ஜெர்மானியரும் இதே மாதிரி மிகைப்படுத்தி எண்ணிக்கொண்டார்கள். பிரிட்டனிடம் இன்னும் சில விமானங்களே மிச்சம் என்று தங்கள் கணக்கைத் தாங்களே நம்பினார்கள். அந்த நம்பிக்கை அவர்களுக்கே வினையாயிற்று. எல்லாம் பொய் என்று கையை உதறிவிடுகிறவருக்கு இந்த நுட்பம் எதுவும் அகப்படாது. வேண்டுமென்றே சொன்ன பொய்க்கு ஒரு முகம் உண்டு. ஆவேசத்தில் இரட்டிப்பாகிப் போன உண்மைக்கு வேறொரு முகம். இரண்டையும் பிரித்தறிவதற்குப் பெயர்தான் விமர்சனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேண்டுமென்றே சொன்னதற்கு ஒரு மாதிரி தருகிறேன். உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யா, 2022 மார்ச் 2ந் தேதி தன் தரப்பில் இறந்தவர்கள் 498 என்றது. மார்ச் 25ல் 1,351. செப்டம்பர் 21ல் 5,937. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் மொத்த எண் எதையும் வெளியிடவில்லை. அந்தச் செப்டம்பர் 21ந் தேதி எண்ணைச் சொன்னவர் பாதுகாப்பு அமைச்சர் ஷொய்கு. அதே மூச்சில், மூன்று லட்சம் பேரைப் படைக்குத் திரட்டப் போகிறோம் என்றும் அறிவித்தார். ஆறாயிரத்துக்கும் குறைவாக இழந்த படைக்கு மூன்று லட்சம் பேர் எதற்கு? முதல் எண்ணுக்கு இரண்டாவது எண்ணே மறுப்புரை. அதோடு நிற்கவில்லை. உக்ரைன் தரப்பில் இறந்தவர்கள் 61,207, காயமுற்றவர்கள் 49,368 என்றார். இதைப் படிக்க ராணுவப் படிப்பு வேண்டியதில்லை. கொஞ்சம் காது இருந்தால் போதும். இந்த நூற்றாண்டில் சண்டையிடும் எந்த ராணுவத்திலும் சாகிறவர்களைவிடக் காயமடைகிறவர்கள் அதிகம்; வழக்கமாகப் பல மடங்கு. இங்கே தலைகீழாக இருக்கிறது. மேலும், எதிரியின் கோட்டுக்கு அப்பால் கிடக்கும் பிணங்களை ஒன்றாம் ஸ்தானம் வரை எண்ணியது யார்? 61,000 என்று சொல்லியிருந்தால் அது ஓர் ஊகம். 61,207 என்று சொன்னால் அது ஒரு பாவனை. அந்தக் கடைசி ஏழு, நாவலில் யதார்த்தவாதி சேர்க்கும் தேவையில்லாத தகவலைப்போல, நம்பவைப்பதற்காக மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

உத்தமர்கள் ஒரு தரப்பில் மட்டும் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. உக்ரைன் அரசு எதிரியின் இழப்பைத் தினந்தோறும் வெளியிட்டது. தன்னுடையதை இரண்டு வருஷம் பெரும்பாலும் பூட்டியே வைத்திருந்தது. 2024 பிப்ரவரியில் ஜெலன்ஸ்கி முதன்முதலாக 31,000 வீரர்கள் இறந்ததாகச் சொன்னார். காயமுற்றவர் எண்ணிக்கையைச் சொன்னால் எதிரிக்கு உதவும் என்று மறுத்துவிட்டார். அதே வருஷம் டிசம்பரில் இறந்தவர்கள் 43,000 ஆனார்கள். காயங்களுக்குச் சிகிச்சை பெற்ற நேர்வுகள் 3,70,000 என்றும் சொன்னார். நேர்வுகள், ஆட்கள் அல்ல. ஒருவனே இரண்டு தடவை வந்திருக்கலாம். இரங்கல் அறிவிப்புகளிலிருந்து தனியார் தொகுத்த பெயர்ப் பட்டியல்கள் இறந்தவர் தொகையை இதைவிடக் கூடுதலாகவே காட்டின. நாம் அனுதாபம் கொள்ளும் தரப்பின் எண்ணையும் அதே கண்ணால் படிக்க முடியாவிட்டால் நாம் செய்வது வாசிப்பு அல்ல, ஓட்டுப் போடுவது.

பி.ஏ. இங்கிலீஷ் படித்த எங்களுக்கு ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் ஒரு காலத்தில் வேதமாக இருந்தார். கேம்பிரிட்ஜில் கவிஞன் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து மாணவர்களைக் கருத்து எழுதச் சொன்னவர்; 1929ல் அதைப் புத்தகமாகவும் ஆக்கியவர். நம் தினசரிகள் அந்தச் சோதனையைத் தினமும் நடத்துகின்றன. எண்ணைச் சொன்னவன் பெயரை நறுக்கிவிட்டு எண்ணை மட்டும் தலைப்பாகக் கொடுக்கின்றன. கவிதைக்கு அந்தப் பயிற்சி நல்லது. சாவுக் கணக்குக்கு அது விஷம். எண்பதுகளில் அமைப்பியல் இங்கே வந்திறங்கியதும் ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் கொண்டாடித் தீர்த்தோம். போர்க்களப் பிரதியில் ஆசிரியன் மட்டும் சாவதில்லை. மற்றவர்கள்தான் செத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நம் பரணி எது? போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவன் மேல் பாடப்படுவது என்கிறது பாட்டியல் இலக்கணம். எழுநூறு போதும் என்று சலுகை கொடுத்த பாட்டியலும் உண்டு. ஒரு இலக்கிய வடிவத்துக்கே பிணக்கணக்குத்தான் நுழைவுச் சீட்டு. இந்த ஆயிரம் யானையை எண்ணியது யார்? கலிங்கத்தில் கருணாகரத் தொண்டைமானோடு கணக்கப்பிள்ளை எவனாவது போனானா? ஜெயங்கொண்டாருக்கு அந்தச் சந்தேகமே எழவில்லை. எழவேண்டிய அவசியமும் இல்லை. ஆயிரம் என்பது அங்கே எண்ணிக்கை அல்ல. இவன் பரணிக்கு உரியவன் என்ற அறிவிப்பு. இன்னொன்றையும் கவனிக்கலாம். பரணிக்கு வைப்பது தோற்றவன் பெயர். சோழன் வென்றான், பாட்டு கலிங்கத்தின் பெயரால் நிற்கிறது. களத்தில் பேய்கள் கூழ் சமைப்பதும் கலிங்கத்துப் பிணங்களை வைத்துத்தான். நம் பக்கத்தில் விழுந்தவன் எத்தனை பேர் என்று எந்தப் பேயும் கணக்குச் சொல்வதில்லை. இன்றைக்கு ராணுவத் தலைமையகங்கள் வெளியிடும் அன்றாட அறிக்கைகளின் இலக்கணம் இதுவேதான். அவற்றை வரலாறு என்று படிப்பவன் ஏமாறுவான். பொய் என்று கிழித்துப் போடுகிறவனும் ஏமாறுவான். அவை பரணி. பரணியாகப் படிக்க வேண்டும்.

பரணி வெறும் பாட்டாக இருக்கும் வரை தொல்லையில்லை. அதுவே உத்தரவாகிவிட்டால் என்ன ஆகும் என்பதை வியட்நாம் காட்டியது. அங்கே பிடித்து வைத்துக்கொள்ளும் போர்முனை என்று ஒன்று இல்லை. பிடித்த கிராமம் மறுநாள் கைமாறும். ஆகவே அமெரிக்கப் படை முன்னேற்றத்தைப் பிணங்களால் அளந்தது. அதிகாரிகளின் பதவி உயர்வு அதோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1968 டிசம்பரிலிருந்து 1969 மே வரை, மெகாங் டெல்டாவில் ஒன்பதாவது காலாட்படைப் பிரிவு நடத்திய நடவடிக்கையில் 10,889 எதிரிகளைக் கொன்றதாகக் கணக்குக் காட்டப்பட்டது. கைப்பற்றிய ஆயுதங்கள் 748. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். பதினான்கு பிணங்களுக்கு ஒரு ஆயுதம். மற்ற பதின்மூன்று பேர் கையில் என்ன இருந்தது? ஏற்றமா, மண்வெட்டியா? பொய் என்று நண்பர் ஒதுக்கும் எண்ணுக்குள்ளேயே குற்றத்தின் வாக்குமூலம் இருக்கிறது. ஒரு எண் மிகையாக இருப்பதைவிட மோசமானது, அது மெய்யாக இருந்து, பிணத்தின் அடையாளம் மட்டும் பொய்யாக இருப்பது. அங்கே சாவை எண் பின்தொடரவில்லை. எண்ணைச் சாவு பின்தொடர்ந்தது. இதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது ஒரு வகுத்தல் கணக்கு, அதாவது குமாஸ்தா மனம்.

எண்ணின் நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வங்கியில் சாயங்காலம் கணக்கு நேராகாவிட்டால், புரியாத தொகையை 'சஸ்பென்ஸ்' கணக்கில் நிறுத்தி வைப்போம். அது லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை; விடை தெரியும்வரை அங்கே தூங்கும். காணாமற்போனவர் என்ற பத்தி போர்க்களத்தின் சஸ்பென்ஸ் கணக்கு. 2023 புத்தாண்டு பிறந்த நேரத்தில் மகீவ்காவில் ரஷ்யப் படையினர் தங்கியிருந்த கட்டடம் ஏவுகணைக்கு இலக்கானது. ரஷ்யா முதலில் 63 பேர் என்றது. இரண்டு நாளில் 89 ஆயிற்று. இடிபாட்டுக்கு அடியில் கிடப்பவன் தோண்டியெடுக்கும் வரை இறந்தவன் அல்ல. ஆகவே முதல் நாள் எண் என்பது, சொல்கிறவன் யோக்யனாக இருந்தாலும், இன்னும் கட்டி முடிக்காத கணக்கு. அதைத் தீர்ப்பாக வாசிக்கிறவனும், மறுநாள் மாறியதும் பார்த்தாயா பொய் என்கிறவனும், கணக்கு முடியும் முன்பே கடையைச் சாத்துகிறவர்கள்.

இனி பாக்முத். 2022 கோடையிலிருந்து 2023 மே வரை கிழக்கு உக்ரைனில் அந்த ஒரு ஊருக்காக நடந்த சண்டையில் ரஷ்யத் தரப்பில் முன்னால் நின்றது வாக்னர் என்ற கூலிப்படை. அதன் முதலாளி பிரிகோஷின், ஊர் விழுந்த கையோடு, தன் ஆட்கள் இருபதாயிரம் பேர் மாண்டார்கள் என்றார். ஏறக்குறையப் பாதிப் பேர் சிறையிலிருந்து சேர்த்த கைதிகள், பாதிப் பேர் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் என்றார். அவருடைய அரசே ஆறாயிரத்தைத் தாண்டாமல் ஊமையாக இருந்தபோது ஒரு தனி மனிதர் இருபதாயிரம் என்கிறார். எல்லாம் பொய் என்ற கட்சிக்காரர் இதை எங்கே வைப்பார்? சொன்னவன் யார், யார் காதுக்காகச் சொன்னான் என்று கேட்டால் விஷயம் துலங்கும். பிரிகோஷின் பேசியது உக்ரைனோடு அல்ல, மாஸ்கோவின் பாதுகாப்பு அமைச்சகத்தோடு. குண்டு தராமல் என் ஆட்களைச் சாகவிட்டாய் என்று அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பிணங்களுக்கு நடுவே நின்று படம் பிடித்துத் திட்டியிருந்தார். அவருக்குத் தன் பிணங்களே ஆயுதம். ஆகவே மொத்தத்தைக் குறைக்க அவருக்குக் காரணம் இல்லை.

அது எத்தனை மெய் என்பது 2024 ஜூனில் தெரிந்தது. இறந்தவர் குடும்பங்களுக்கு வாக்னர் கொடுத்த இழப்பீட்டின் பட்டுவாடா ஆவணங்களை பி.பி.சி.யின் ரஷ்யப் பிரிவும் மீடியாஸோனா என்ற ரஷ்யப் பத்திரிகையும் வெளிக்கொண்டுவந்தன. பாக்முத்தில் மாண்டவர்கள் 19,547. பிரிகோஷின் சொன்ன மொத்தம் சரி. ஆனால் அதில் கைதிகள் 17,175. நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர். கூட்டுத்தொகை உண்மை, உட்பிரிவு பொய். பாதிக்குப் பாதி என்ற அந்தச் சின்ன வாசகம், கைதிகளை அலை அலையாகத் துப்பாக்கி முன்னே தள்ளிச் செலவழித்த ஏற்பாட்டை மூடியிருந்த துணி. நண்பரே, இது உண்மையா பொய்யா? இரண்டுமில்லை, ஒரே வாக்கியத்தின் எழுவாய் மெய், பயனிலை பொய். இப்படிப்பட்ட வாக்கியங்களைப் படிக்கத்தானே நாம் இலக்கியம் கற்றோம்?

மௌனத்தையும் படிக்கலாம். ரஷ்ய அரசு வாய் திறக்காதபோது மீடியாஸோனாவும் பி.பி.சி.யும் இரங்கல் அறிவிப்பு, புதிய கல்லறை, உள்ளூர்ச் செய்தி என்று ஒவ்வொரு பெயராகச் சேர்த்தார்கள். அந்தப் பட்டியல் 2025ல் ஒரு லட்சம் பெயரைத் தாண்டியது. 2023 ஜூலையில் மீடியாஸோனாவும் மெடூஸாவும் இன்னொரு காரியம் செய்தன. ரஷ்யாவில் ஒருவர் இறந்தால் வாரிசுகள் சொத்துக்காக மனுப்போடுவது ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறும். போருக்கு முன்பிருந்த வழக்கத்தையும், அதே வயதுப் பெண்களின் சாவு விகிதத்தையும் வைத்துக்கொண்டு, இளம் ஆண்களின் பெயரில் எத்தனை வாரிசு மனுக்கள் கூடுதலாக வந்திருக்கின்றன என்று பார்த்தார்கள். 2023 மே இறுதி வரை ஏறத்தாழ 47,000 சாவுகள் என்று வந்தது; நாற்பதாயிரத்துக்கும் ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் இடையே என்று பிழை வரம்பையும் நேர்மையாகச் சேர்த்தே சொன்னார்கள். அரசின் எண் அப்போதும் 5,937. தளபதிகளின் வாயைக் கட்டலாம்; நாலு சென்ட் நிலத்துக்கும் ஒரு பழைய காருக்கும் மனுப்போடும் மனைவியின் கையைக் கட்ட முடியாது.

இதைப் படித்தபோது எனக்கு என் மேஜை ஞாபகம் வந்தது. இறந்தவர் கணக்குகளை முடித்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு அம்மாள் மகனுடைய பாஸ்புக்கோடு வந்தாள். இருப்பு நாலாயிரத்துச் சொச்சம். இறப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல். நான் இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை, இந்தத் தொகைக்கு இத்தனை அலைச்சல் வேண்டுமா என்று நானே கேட்டுவிட்டேன். "பணத்துக்கு இல்ல சார், அவன் போனது ஒங்க புஸ்தகத்துலயும் ஏறணும்ல" என்றாள். ஒரு மரணம் போதும் என்கிற நண்பருக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன். அந்த ஒரு மரணத்துக்குச் சொந்தக்காரியானவள் விரும்பியது கவிதையை அல்ல, கணக்கில் ஏறுவதை. ஒரு மரணம் சோகம், லட்சம் மரணம் புள்ளிவிவரம் என்று ஸ்டாலின் சொன்னதாக ஒரு வாசகம் நம்மிடையே புழங்குகிறது. அவர் சொன்னதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. யார் சொன்னால் என்ன, கொலைகாரனின் வசதிக்கான அந்தப் பாகுபாட்டை நம் கவிஞர்கள் அழகியல் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதுதான் வேதனை.

கடைசியில் சொல்வதாகச் சொன்னதற்கு வருகிறேன். 2008 இறுதியில் இலங்கை அரசு தன் ராணுவத்தின் இழப்பு விவரங்களை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. போர் முடிந்ததாக 2009 மே மாதம் அறிவித்த சில நாட்களிலேயே, 2006 ஆகஸ்டிலிருந்து 6,261 படையினர் மாண்டதாகவும் 29,551 பேர் காயமுற்றதாகவும் சொன்னது. அதாவது பேரேடு ஒன்றாம் ஸ்தானம் வரை தயாராகத்தான் இருந்தது; மூடி வைத்திருந்தார்கள். தன் சிப்பாயை இவ்வளவு துல்லியமாக எண்ணத் தெரிந்த அரசு, வன்னிக்குள் சிக்கிய மக்களைச் சுமார் 70,000 என்று சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் உயிரோடு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே 2,80,000க்கு மேல். உணவையும் மருந்தையும் குறைப்பதற்காக வேண்டுமென்றே குறைத்துச் சொன்ன எண் அது என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011ல் எழுதியது. அந்த எழுபதாயிரம் ஒரு தகவல் அல்ல. அது ஒரு ரேஷன் உத்தரவு. அதைச் சொன்ன நாளிலேயே அப்படிப் படித்து, உரக்கச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் மொழியைப் படிக்கத் தெரிந்தவர்களாகிய நாம். அப்போது நாம் கவிதை எழுதிக்கொண்டிருந்தோம். கல்லூரி மாணவனாக நானும் ஒன்று எழுதினேன்: ஒரு குழந்தை, ஒரு பொம்மை, ஒரு பதுங்குகுழி. எண் எதுவும் இல்லை. ஒரு மரணம் போதுமாயிருந்தது.

பிறகு நடந்தது இன்னும் மோசம். மன்னார் ஆயராக இருந்து மறைந்த இராயப்பு யோசப், 2011 ஜனவரியில் அரசு நியமித்த ஆணைக்குழு முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் கச்சேரியின் பதிவுப்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் ஐ.நா. விவரப்படி 2,82,380. வித்தியாசம் 1,46,679. இவர்களுக்கு என்ன ஆயிற்று, சொல்லுங்கள் என்றார். தொடக்க இருப்பு, முடிவு இருப்பு, மீதி எங்கே? எந்த வங்கித் தணிக்கையாளனும் கேட்கும் கேள்வி அது. ஒரு பாதிரியார் குமாஸ்தாவாக மாறிக் கேட்ட அந்தக் கேள்வியைவிட உக்கிரமான வாக்கியம் அந்தப் போரைப் பற்றித் தமிழில் எழுதப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நம் மேடைகள் அதை என்ன செய்தன? கேள்விக்குறியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒன்றரை லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்று முழக்கமாக்கின. நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்று அளந்து எழுதிய ஐ.நா. குழுவின் வாசகமும் இதே கதிக்கு ஆளாயிற்று. ஒருவர் அதை உச்சவரம்பு என்றார், ஒருவர் தீர்ந்த கணக்கு என்றார். உண்மையில் மாண்டவர் தொகை எங்கே நிற்கும் என்று நான் இங்கே பேசவில்லை. சஸ்பென்ஸ் கணக்கில் நின்ற தொகையை நாமே எடுத்து முடித்துக்கொடுத்துவிட்டோம் என்கிறேன். கேள்வியாக இருந்தவரை அரசு அதற்குப் பெயர் பெயராகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தது. முழக்கமானதும் அதற்கு 'மிகை' என்ற ஒரே சொல் போதுமாயிற்று. மேடைக்காரர்கள் இப்படிச் செய்வார்கள் என்பது எதிர்பார்க்கக்கூடியது. அவர்கள் பரணி பாடுகிறவர்கள். அதைத் தட்டிக்கேட்க வேண்டிய சிறுபத்திரிகைக்காரன், எண் எனக்குத் தீட்டு என்று ஒதுங்கி நின்றான். மேடையையும் அரசையும் ஒரே சமயத்தில் எதிர்கொள்ளும் இடம் ஒன்று அந்தக் கழித்தல் கணக்கில் இருந்தது. அங்கே நிற்க நம்மில் ஒருவரும் வரவில்லை.

நண்பர் அடுத்த இதழில் பதில் எழுதுவார், எழுதவேண்டும். எழுதும் முன் ஒரு காரியம் செய்யட்டும். அன்றைய தினசரியில் ஏதோ ஒரு போரின் எண் கட்டாயம் இருக்கும். அதைச் சொன்னவன் யார், யார் பிணத்தைப் பற்றிச் சொல்கிறான், எந்தச் சொல்லால் சொல்கிறான், கணக்கை எந்த நேரத்தில் நிறுத்தினான், அந்த எண் யார் தட்டிலிருந்து எதை எடுக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஒரு மரணம் போதும் என்று தோன்றினால், அந்த ஒருவன் பெயர் எந்தப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது என்று மட்டும் அவர் எனக்குச் சொன்னால் போதும்.